மின் ஸ்கூட்டருக்கான குழந்தை இருக்கை: விற்றவர் சொல்லாமல் விட்டவை

சென்ற ஆண்டு ஜூன் மாதம், மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்த அதே வாரத்தில், திருச்சியில் ஒரு கடையில் 62,000 ரூபாய்க்கு ஒரு மின் ஸ்கூட்டரும், அதன் முன்பக்கத்தில் பொருத்த 1,800 ரூபாய்க்கு ஒரு குழந்தை இருக்கையும் வாங்கினேன். பத்தாவது வாரத்தில் அந்த இருக்கை, மூன்றரை வயது மகளோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. அவளுக்குத் தாடையில் மூன்று தையல் போட வேண்டியிருந்தது. பிள்ளையை முன்னால் உட்கார வைத்து மின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிற பெற்றோர் எங்கள் தெருவிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஓட்டுநர் உரிமம் கிடையாது. பதிவெண்ணும் உரிமமும் தேவைப்படாத வண்டி என்று கேள்விப்பட்டுத்தான் அந்தக் கடைக்குப் போனேன். என் பக்கத்துத் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடைக்காரர் மிகவும் அன்பாகப் பேசினார். “லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், போலீஸ் கை காட்ட மாட்டாங்க மேடம். பாப்பாவுக்கு முன்னாடி ஒரு சீட் போட்டுட்டா உங்க கண்ணு முன்னாடியே இருக்கும், பின்னாடி உட்கார வெச்சா தூங்கி விழுந்துடும்” என்றார். கண் முன்னால் இருந்தால் பத்திரம் என்ற எண்ணம் எந்தத் தாய்க்கும் எளிதில் பிடித்துப்போகும். எனக்கும் பிடித்துப்போயிற்று. அதோடு, “இருபத்தஞ்சுல போனா சைக்கிள்காரன்கூட முந்திடுவான்” என்று சொல்லி, இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு வயர் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். அதன் பிறகு வண்டி நாற்பதைத் தாண்டி ஓடியது. அதைச் சலுகை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இருக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பிடி வைத்த சிறு பிளாஸ்டிக் நாற்காலி போல இருக்கும். அடியில் ஓர் இரும்புக் குழாய், குழாயின் முனையில் உள்ளங்கை அளவுத் தகடு. தகட்டில் நான்கு துளைகள் இருந்தும், கடைப் பையன் கால் வைக்கும் தளத்தில் இரண்டு துளைகள் மட்டும் போட்டு, இரண்டு போல்ட்டுகளை முடுக்கினான். அந்தத் தளம் வெறும் பிளாஸ்டிக் என்பதும், அதன் அடியில் பேட்டரிப் பெட்டி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. குழந்தையைக் கட்டுவதற்கு இடுப்பில் ஒரே ஒரு பட்டை. அதன் கொக்கி பள்ளிப் பையில் இருக்குமே, அந்த ரகம். தோளுக்கு எதுவும் இல்லை. உட்கார்ந்தால் மகளின் இரண்டு கைகளும் இயல்பாகவே ஹேண்டில்பாரின் மேல் போய் விழும். படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எல்லோரும் அழகாக இருப்பதாகத்தான் சொன்னார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, பள்ளிக்குப் போகிற வழியில் பால் கடையில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பவில்லை, இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு, வலது கையை எடுத்துப் பால் பாக்கெட்டை வாங்கக் கை நீட்டினேன். பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் சத்தமே நினைவூட்டியிருக்கும். மின் வண்டி நின்றிருக்கும்போது ஊமை. தினமும் என் கை செய்வதைப் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளை, அந்தக் கைப்பிடியைத் தன் கையால் முறுக்கினாள். மோட்டாரின் இழுவை முழுவதும் முதல் நொடியிலேயே கிடைத்துவிடும் என்பதுதான் இந்த வண்டிகளின் பெருமை. அதே பெருமை அன்று எங்களைப் பத்தடி தள்ளி, கடைக்கு முன்னிருந்த சிமெண்டுத் திண்ணையில் மோத வைத்தது. திண்ணையில் சக்கரம் இடித்ததும் தகடு தளத்தைப் பெயர்த்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. மகளின் தாடை ஹேண்டில்பாரின் நடுவில் அடிபட்டது. பிரேக் பிடித்திருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் நின்றிருக்கும். என் கையில் பிரேக் இல்லை, பால் பாக்கெட் இருந்தது.

வண்டியோடு இலவசமாகக் கொடுத்த தலைக்கவசம் அவள் தலையில்தான் இருந்தது, ஆனால் மோதிய வேகத்தில் அதன் தாடைப்பட்டை கொக்கியோடு பிய்ந்து, கவசம் சாக்கடை ஓரம் உருண்டது. பிறகு எடுத்துப் பார்த்தபோது உள்ளே கால் அங்குல தெர்மாகோல் கூட இல்லை. வெறும் பஞ்சுத் துணி ஒட்டிய பிளாஸ்டிக் ஓடு. ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கும் இல்லை. இரு சக்கர வண்டிக்கான தலைக்கவசத்தை அந்த முத்திரை இல்லாமல் விற்பது 2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. இலவசமாகக் கொடுத்தால் அது விற்பனை ஆகாது என்று கடைக்காரர் நினைத்தாரோ என்னவோ.

இரண்டு நாள் கழித்து, எங்கள் பகுதியில் வண்டி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் தளத்தைக் கழற்றினார். இருக்கைக்காக முடுக்கிய போல்ட்டுகளில் ஒன்று தேவைக்கு மேல் ஓர் அங்குலம் நீளம். அதன் கூர்முனை, பேட்டரியிலிருந்து வருகிற தடித்த சிவப்பு வயரின் மேல் பத்து வாரங்களாக உரசி உரசி, மேல் உறையைத் தேய்த்திருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே செம்புக் கம்பி பளபளத்தது. “இன்னும் ஒரு மழை தாங்கியிருக்காதும்மா” என்று மட்டும் சொன்னார். என் மகளின் கால் இருந்த இடம் அதற்கு நேர் மேலே. தையல் போட்ட அன்று வராத நடுக்கம் அன்று வந்தது.

பெயர்ந்த இருக்கையோடு கடைக்குப் போனபோது பேச்சு மாறியிருந்தது. குழந்தை கை வைத்ததற்குத் தாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்பது முதல் பதில். இருக்கை தங்கள் நிறுவனத்தின் பொருள் அல்ல, நாங்கள் கேட்டதால் வெளியிலிருந்து வாங்கி மாட்டியது என்பது இரண்டாவது. வெளிப்பொருள் பொருத்தியதால் வண்டியின் வாரண்டியும் செல்லாது என்பது மூன்றாவது. பொருத்தியவர்களே அப்படிச் சொன்னதுதான் இதில் வேடிக்கை. ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதில் வண்டி மட்டும்தான் இருந்தது. இருக்கைக்குக் கடையின் முகவரி அட்டைக்குப் பின்னால் பேனாவால் ‘பே.சீட் 1800’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்ல வேளையாக 63,800 ரூபாயையும் ஒரே தவணையாகக் கைபேசி வழியே அனுப்பியிருந்தேன். அந்தக் கணக்கும் அந்த அட்டையும்தான் இன்று என் கையில் இருக்கிற சான்றுகள்.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டியது. பதிவும் உரிமமும் வேண்டாம் என்ற விலக்கு எல்லா மின் வண்டிக்கும் உரியது அல்ல. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருப்பதாக, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்று சான்றளித்த மாதிரிக்கு மட்டுமே அது கிடைக்கும். புனே, மானேசர், நம் ஒரகடம் ஆகிய இடங்களில் இத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. கடைக்காரர் வயரைப் பிடுங்கி வேகத்தைக் கூட்டிய நொடியிலேயே என் வண்டி அந்த விலக்கை இழந்துவிட்டது. அதாவது பத்து வாரமும் நான் ஓட்டியது பதிவில்லாத, காப்பீடு இல்லாத ஒரு மோட்டார் வாகனம். ஓட்டியவளிடம் உரிமமும் இல்லை. திண்ணைக்குப் பதிலாக ஒரு மனிதர் மேல் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முன்னிருக்கையின் கதை இன்னும் மோசம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 128-இன்படி, இரு சக்கர வாகனத்தில் ஓட்டுநரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம். அவரும் ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில்தான் அமர வேண்டும். முன்னால் நிற்க வைப்பதற்கோ, நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்கோ அதில் இடமே இல்லை. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் உரிமத் தகுதி நீக்கமும் உண்டு. நம் ஊரில் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு போவது தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய காட்சி என்பதால், அது தவறு என்று யாருக்கும் உறைப்பதில்லை. கடைக்காரரின் வியாபாரம் நடப்பதும் அந்தப் பழக்கத்தின் மேல்தான்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்றே 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தனி விதி அறிவித்து, ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் உடம்பில் உள்சட்டை போல மாட்டும் ஒரு கவசப் பட்டை, அதிலிருந்து ஓட்டுநரின் தோள்களில் மாட்டிக்கொள்ளும் வளையங்கள், இவற்றால் குழந்தையின் மேலுடல் ஓட்டுநரோடு சேர்ந்திருக்க வேண்டும். பட்டை 30 கிலோ வரை தாங்க வேண்டும். குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்துகிற தலைக்கவசமோ சைக்கிள் தலைக்கவசமோ வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இது மோட்டார் சைக்கிள்களுக்கான விதி என்பதால், விலக்குப் பெற்ற குறைவேக வண்டிகள் இதன் பிடியில் வராமல் நழுவிவிடுகின்றன. விற்பவர்கள் இதை “எந்த விதியும் இல்லை” என்று மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். விழுந்தால் பிள்ளைக்கு வலிப்பது வண்டியின் வகையைப் பார்த்து அல்லவே.

அந்தப் பட்டையை இப்போது வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: பிள்ளை தூங்கிச் சரிவதையும் திடீர் பிரேக்கில் நழுவுவதையும் அது தடுக்கிறது, ஆனால் வண்டியே சாய்ந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுவோம். முதலில் கடையில் எடுத்துக் காட்டிய பட்டையில் எடை அளவு எதுவும் அச்சிடப்படவில்லை, தையலும் ஒற்றை வரிசை. அதை வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். தலைக்கவசம் வாங்கும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போய், தாடைப்பட்டையை மாட்டிய பிறகு தலையை இட வலமாக ஆட்டச் சொல்லிப் பார்த்தேன். நெற்றியில் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் அது அசையாமல் நின்றதைத்தான் எடுத்தேன். பின்னால் உட்காரும்போது அவள் கால் மிதிகட்டைக்கு எட்டுவதில்லை என்பதால், சக்கரத்தின் பக்கம் கால் போகாதபடி பக்கத்தடுப்பு முழுமையாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்பதும் விதியில் உள்ளதுதான். மின் சைக்கிளின் கேரியரில் பிள்ளையை வைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஆரக்கால்களுக்கு நடுவே குதிகால் சிக்கினால் சதை பிய்ந்துவிடும்.

இதே கடையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தம் நாய்க்குட்டிக்காக ஒரு கூடை வாங்கி, அதே போலத் தளத்தில் முடுக்கிக்கொண்டு வந்திருந்தார். கழுத்துவாரை ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தெருநாயைப் பார்த்துக் குட்டி ஒருமுறை துள்ளியதும் வண்டி தானாகத் திரும்பியது என்று அவரே சொன்னார். எங்கள் வண்டியைப் பார்த்த பிறகு அவரும் தளத்தைக் கழற்றச் செய்தார். அவர் வண்டியில் போல்ட் வயரைத் தொடவில்லை, பேட்டரிப் பெட்டியின் மூடியைத் துளைத்திருந்தது.

முறையீட்டைப் பொறுத்தவரை, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தேன். கடையிலிருந்து இருக்கையின் விலையை மட்டும் திருப்பித் தர முன்வந்தார்கள். பெற்றுக்கொண்டதாகவும் இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்றும் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியே மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பெயர்ந்த இருக்கை, தேய்ந்த வயர், ஓட்டைத் தலைக்கவசம் மூன்றையும் எறியாமல் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். தளத்தைக் கழற்றும்போதே ஒவ்வொரு நிலையிலும் படம் எடுக்கச் சொன்னது அந்தப் பழுது பார்க்கும் அண்ணன். அந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்காது.

கடைக்காரர் பிடுங்கிவிட்ட, வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயரை அவர் மறுபடி இணைத்துக் கொடுத்தார். இப்போது அந்த வண்டி கடைத்தெருவுக்கு நான் தனியே போவதற்கு மட்டும். எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் கழித்துத் தேர்வு கொடுத்து உரிமம் வாங்கிவிட்டேன். மகளை மாமனாரின் பழைய ஸ்கூட்டரில், பின்னிருக்கையில், பட்டை கட்டித்தான் அழைத்துப் போகிறேன்.

மனு இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது, வாசலில் கட்டிய கம்பியில் புதிதாக மூன்று இருக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் பொம்மைப் படம் ஒட்டியிருந்தார்கள்.