பெஞ்ச் வைஸ்: சேலத்தில் வாங்குவதா, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா?

பெஞ்ச் வைஸ் என்பது தச்சு மேசையில் பொருத்தி, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி. அதற்கு பிரிட்டன் கடை சொல்லும் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்ததும் ஆசை வருவது இயல்புதான். அந்த விலைக்குள் 20% வாட் வரி அடங்கியிருக்கும். ஏற்றுமதி என்றால் சில கடைகள் அதைக் கழித்துக்கொள்ளும். அமெரிக்கக் கடை காட்டும் விலையிலோ விற்பனை வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரேகானில் கிடையவே கிடையாது.

சரி, சேலத்துக்கு வந்து சேரும் விலை என்ன? பொருள், அனுப்பும் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன்மேல் சுங்க வரி. அத்தனையும் சேர்ந்த தொகைக்கு மறுபடி ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஜிஎஸ்டி. வைஸ் என்பது கனத்த வார்ப்பிரும்பு. எடை ஏற ஏறக் கூலி ஏறும், கூலியோடு வரியும் ஏறும்.

உள்ளூர் ஹார்டுவேர் கடையில் 18% ஜிஎஸ்டி, எம்ஆர்பிக்குள்ளேயே அடக்கம். தாடைகள் நேராக மூடுகின்றனவா, திருகில் ஆட்டம் உண்டா என்று கையால் சுழற்றிப் பார்த்தே எடுக்கலாம். ஓரம் சொரசொரப்பாக இருந்தால் கொஞ்சம் அரம் போட்டால் போதும். வைஸுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பெஞ்ச் துளையில் அடித்து இறக்கி மரத்தை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கியான ஹோல்டுஃபாஸ்டும் அப்படியே, நல்ல கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கலாம்.

பெஞ்ச் துளையில் செருகி மரம் நகராமல் தடுக்கும் முளையான பெஞ்ச் டாக் மட்டும் வேறு கணக்கு. எடை குறைவு, துல்லியம் முக்கியம். வரவழைப்பதில் நியாயம் உண்டு. துளை அளவை மட்டும் கவனியுங்கள்: அமெரிக்காவில் பெரும்பாலும் முக்கால் அங்குலம், ஐரோப்பாவில் பலவும் 20 மி.மீ. அப்புறம், ஏற்காட்டு சில்வர் ஓக்கில் பெஞ்ச் செய்பவர்கள் துளை வரும் இடத்தில் கெட்டியான மரத்துண்டு ஒன்றைப் பதித்துக்கொள்வது நல்லது.