சித்தப்பாவோட பழைய விண்டோஸ் 7: சரிபண்ணி ஓட்றதா, 10-க்கு தாவறதா, மின்ட் போடறதா?

சிங்கப்பூர் யீஷூன்ல சித்தப்பா வீட்ல 2011-ல வாங்குன டெஸ்க்டாப் ஒன்னு இருக்கு. ரெண்டாவது ஜெனரேஷன் இன்டெல் ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. போன வாரம் போன் பண்ணி "டேய், எந்த சைட்டுக்குள்ளயும் விட மாட்டேங்குது, சனிக்கிழம வா, சித்தி மீன் கறி வைக்கிறா"ன்னாரு. நான் போறதுக்குள்ளயே ஆளாளுக்கு வைத்தியம் சொல்லிட்டாங்க, பக்கத்து வீட்டு அண்ணன் விண்டோஸ் 10 போடுங்குறாரு, என் ஆபீஸ் ஃப்ரெண்டு விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட்டுங்குறான், சித்தப்பாவுக்கோ 7-ஐ விட்டு நகர மனசே இல்ல.

எது நல்லதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி, என்ன கோளாறுன்னு பாக்கணும்ல. குரோம்ல வந்த பக்கத்த நிதானமா படிச்சா "உங்க கடிகாரம் பின்னாடி இருக்கு"ன்னு அதுவே சொல்லுது. மூலையில தேதி 2011 ஜனவரி 1. சித்தி கரண்ட் பில்லுக்கு பயந்து தினமும் ராத்திரி சுவர் சுவிட்சையே அமத்திடுவாங்க, மதர்போர்டு பேட்டரி செத்துப் போனதால காலையில ஆன் பண்ணா பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற மதர்போர்டு ப்ரோகிராம்) பழைய தேதிக்கே போயிடுது, அந்த தேதிக்கு எந்த சைட்டோட சர்டிஃபிகேட்டும் (சைட்டு அசல்தான்னு காட்டுற சான்று) செல்லாது. பிளாக்குக்கு கீழ கடையில சிஆர்2032 பேட்டரி ரெண்டு வெள்ளி, மாத்தி தேதிய சரி பண்ணதும் சைட்டெல்லாம் திறந்துடுச்சு. இதுக்குப் போயி ஓஎஸ்ஸ மாத்தியிருந்தாலும் செத்த பேட்டரி செத்ததாத்தான் கெடந்திருக்கும்.

அடுத்தது டிஸ்க். டிஸ்க் நலமான்னு சொல்ற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு பாத்தேன், நீலத்துல குட்னு காட்டுச்சு. மஞ்சள் காட்டியிருந்தா இந்த அலசலே வேண்டாம், முதல்ல ஃபைல காப்பி பண்ணிட்டு அப்புறம்தான் மத்ததெல்லாம்.

சரி, இப்ப 7-ஐயே வச்சுக்கிட்டா என்ன? ஆதரவு 2020 ஜனவரி 14-ஓட முடிஞ்சு போச்சு. குரோம் 109-தான் இதுக்கு வந்த கடைசி வெர்ஷன், அது 2023 ஜனவரி. ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு வெர்ஷன்) மட்டும்தான் அதுக்கு மேலயும் கொஞ்ச காலம் தாங்குச்சு, அதுக்கு எந்தெந்த சர்டிஃபிகேட்ட நம்பலாம்னு சொந்தமா ஒரு ரூட் சர்டிஃபிகேட் லிஸ்ட் இருக்கறதால தேதி சரியா இருந்தும் திறக்காத சில சைட்டு அதுல திறக்கும். அப்டேட் "தேடுது தேடுது"ன்னு மணிக்கணக்கா நின்னு டாஸ்க் மேனேஜர்ல எஸ்விசிஹோஸ்ட்னு ஒரு விண்டோஸ் ப்ரோகிராம் மட்டும் சிபியுவ தின்னுச்சுன்னா, ஆட்டோமேட்டிக் அப்டேட்ட நிறுத்திட்டு கேபி3020369-ங்கற பேட்ச், அதுக்கப்புறம் கேபி3172605, இந்த வரிசையில கையால போடணும். பேட்ச் அசல்தான்னு காட்டுற எஸ்ஹெச்ஏ-2 டிஜிட்டல் கையெழுத்து புரியாம 2019-க்கு அப்புறம் வந்த பேட்ச் ஏறலேன்னா கேபி4490628, கேபி4474419. எல்லாமே மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்ல இருக்கு, ஆனா எஸ்பி1 (சர்வீஸ் பேக் 1) முதல்ல ஏறியிருக்கணும்.

இதுல நானா ஒரு வேலைய இழுத்து விட்டுக்கிட்டேன். சுத்தாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போடப் போறோமே, டிஸ்க்கோட பேசறதுக்கு எப்படியும் பழைய ஐடிஈ முறைய விட ஏஹெச்சிஐ நல்லதுன்னு பயாஸ்ல ஐடிஈ-ய மாத்திட்டேன், அடுத்த பூட்லயே நீலத்திரை, 0x0000007B. சித்தப்பா மூஞ்சி போன போக்க பாக்கணுமே! திரும்ப ஐடிஈ-க்கே மாத்தி உள்ள போயி, விண்டோஸ் செட்டிங்ஸெல்லாம் இருக்கற ரெஜிஸ்ட்ரில எம்எஸ்ஏஹெச்சிஐ சர்வீஸோட ஸ்டார்ட் மதிப்ப 0 ஆக்கிட்டு, அப்புறம் ஏஹெச்சிஐ-க்கு மாத்துனா சத்தமில்லாம ஏறிடுச்சு. வரிசை மாறுனதுதான் தப்பு.

இவ்வளவு பாடுபட்டு 7-ஐ ஏன் வச்சிருக்கணும்னா, சித்தப்பாகிட்ட ஒரு ஜாதக சாஃப்ட்வேர் இருக்கு. சிடில வந்தது, பின்னாடி பேரலல் போர்ட்ல (பழைய ப்ரிண்டர் சொருகுற இடம்) டாங்கிள்னு ஒரு பூட்டுச்சாவி மாதிரி சாதனத்த சொருகுனாத்தான் திறக்கும், வித்தவங்க கடைய மூடி வருஷமாச்சு. தெரிஞ்சவங்களுக்கெல்லாம் இலவசமா பொருத்தம் பாத்து சொல்றாரு, அத விட்டுடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

விண்டோஸ் 10, கேக்க நல்லாத்தான் இருக்கும், பழகின முகம், 2 ஜிபி ரேம்லயே ஏறும்னு காகிதத்துல போட்டிருக்கும். ஆனா சுத்துற ஹார்ட் டிஸ்க்ல போட்டுப் பாருங்க, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதத்துல நிக்கும், நீங்க ஒரு தே தாரே டீ ஆத்தி குடிச்சிட்டு வரலாம். எஸ்எஸ்டி இருந்தா பரவாயில்ல. அதோட ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சாச்சு, கூடுதல் பாதுகாப்புக்கு பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் இழுக்கலாம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் 11-க்கு போலாம்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்லேர்ந்துதான், இந்த பெட்டிக்கு அந்தக் கதவே கிடையாது. டாங்கிள் டிரைவரும் 10-ல ஓடும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஒரு சந்துல இருந்து இன்னொரு முட்டுச்சந்துக்கு போறதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும், என்னைக் கேட்டா மூணுல இதுதான் கடைசி.

மின்ட் 22-ல எக்ஸ்எஃப்சிஈ-ங்கற லேசான டெஸ்க்டாப் வகைய எடுத்துக்கிட்டேன், 2029 ஏப்ரல் வரைக்கும் ஆதரவு, 4 ஜிபி ரேம்ல மூச்சு முட்டல. 64 பிட் மட்டும்தான் வருது, ஆனா விண்டோஸ்தான் 32 பிட், ப்ராசஸர் 64 பிட்ங்குறதால பிரச்சன இல்ல. எனக்கு ரொம்ப புடிச்சது, யுஎஸ்பில இருந்தே ஓட்டிப் பாக்கலாம், எதையும் அழிக்காது. விண்டோஸ் பூட்டே ஆகாம நின்னா கூட இதுல ஏறி பேரப்புள்ளைங்க போட்டோவையெல்லாம் வெளிய எடுத்துடலாம், அதுக்காகவே ஒரு குச்சி எப்பவும் கைப்பையில கெடக்கும். 7-ல தமிழுக்கு இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு அமைப்புதான் கூடவே வருது, தமிழ்99 வேணும்னா தனியா ஏதாவது போடணும். மின்ட்ல தட்டச்சு முறைகள கவனிக்கிற ஐபஸ்ல எம்17என்-ங்கற கூடுதல் தொகுப்ப சேத்தா தமிழ்99 வந்துடுது, சித்தப்பா விரல் தானா ஓடுச்சு. குறை இல்லாம இல்ல, ப்ரிண்டர எடுத்துக்க அரை மணி நேரம் முரண்டு புடிச்சுது, ஜாதகத்த, லினக்ஸ்ல விண்டோஸ் ப்ரோகிராம ஓட்டுற வைன்ல போட்டுப் பாத்தேன், டாங்கிள கண்டுக்கவே இல்ல.

கடைசில கம்ப்யூட்டர் சாமான் விக்கிற சிம் லிம்ல நாப்பது வெள்ளிக்குள்ள 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்னு வாங்கி, பழைய டிஸ்க்க கழட்டி வச்சுட்டு மின்ட்ட அதுல ஏத்துனேன், இன்டர்நெட்டெல்லாம் அதுல. அப்புறம் பழைய டிஸ்க்க திரும்ப மாட்டி, 7-ல நெட்வொர்க்க டிசேபிள் பண்ணி ஜாதகத்துக்கு மட்டும் விட்டேன். ஆன் பண்றப்ப எஃப்12 அடிச்சு எது வேணுமோ எடுத்துக்கலாம்.

அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மின்ட்லேர்ந்து 7-க்கு போயி ஜாதகத்த திறந்தா சித்தப்பா திடுக்குனு "என்னடா, ராகு காலம் ஓடுதுங்குது?"ன்னாரு. பாத்தா மூலையில காலை பத்து மணி. மின்ட் மதர்போர்டு கடிகாரத்துல யுடிசி (உலகப் பொது) நேரத்த எழுதி வச்சிடுது, 7 அதையே சிங்கப்பூர் நேரம்னு நம்பிக்குது, சரியா எட்டு மணி நேரம் பின்னாடி. மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1-னு ஒரு வரி, ரெண்டுலயும் ஒரே நேரம் ஆச்சு. சித்தி இன்னமும் ராத்திரி சுவிட்ச அமத்திக்கிட்டுதான் இருக்காங்க.