கரண்ட் இல்லாத வீட்டில் 6 ஜிபி வீடியோ: எந்த வழியில் லேப்டாப்புக்குப் போகும்?

பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்துத் தன்லினில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 1964 மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, பிறகு யார் யார் கப்பலேறினார்கள், யார் இங்கேயே தங்கினார்கள் என்பதையெல்லாம் போன மாதம்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து 47 நிமிடம் பதிவு செய்தேன். அந்தப் பேச்சு என் ஃபோனைத் தவிர வேறெங்கும் இல்லை என்ற நினைப்பிலேயே அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேபிள் இருந்தால் கேபிளே போதும். ஆனால் என் ஃபோனின் சார்ஜ் துளை தளர்ந்துபோய்விட்டது. ஒயர் லேசாக அசைந்தாலும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அதனால் வயரில்லாத வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 1080 பிக்சலில், நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தால் சாதாரணமாக நிமிடத்துக்கு 130 எம்பி அளவில் வரும். 47 நிமிடத்துக்கு 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். கீழே சொல்லும் கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான்.

ரங்கூனில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "வைபர்ல அனுப்பிடேன்." பேரக்குழந்தை ஆடும் ஒரு நிமிட வீடியோவுக்கு அது சரி. ஆனால் மெசேஜ் செயலிகளில் வீடியோவை வீடியோவாகவே அனுப்பினால், பொதுவாக அதைச் சுருக்கித்தான் அனுப்பும். பீலிக்கான் கோயில் தீமிதியை ஒரு வருஷம் அப்படி அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்துவிட்டதே என்று ஃபோனில் இருந்த மூலத்தை அழித்தேன். பெரிய திரையில் போட்டபோது பூக்குழியும் புகையும் ஒரே கலங்கலாகத் தெரிந்தன. நடந்தவர்களின் முகம் தெரியவில்லை. அந்த வருஷம் நடந்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. டெலிகிராமில் 'ஃபைல்' என்று தேர்ந்து அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் இலவசக் கணக்கில் ஒரு ஃபைல் 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும். பெரியம்மாவை மூன்று நான்கு துண்டாக வெட்டி அனுப்ப எனக்கு மனமில்லை.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். ஆனால் 6 ஜிபி ஏற்ற வேண்டும், அதையே மறுபடி லேப்டாப்பில் இறக்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு 12 ஜிபி டேட்டா. இங்கே நெட் இருக்கிற இருப்பில் அது கட்டுப்படியாகாது. கூகுள் ஃபோட்டோஸில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு இருந்தால் வீடியோவின் தரமும் இறங்கும். மேகச் சேமிப்பு ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் வழி. ஒரே மேஜையில் இருக்கும் ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே அது எதற்கு?

புளூடூத்துக்கு நெட்டும் வேண்டாம், ரூட்டரும் வேண்டாம். ஆனால் கைக்கு வரும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் அளவுதான். 6 ஜிபிக்குக் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். அதற்குள் ஃபோனில் சார்ஜ் இறங்கிவிடும்.

மிச்சம் வைஃபை. பலர் தப்பாக நினைப்பதும் இங்கேதான்: வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. இரண்டு கருவிகள் ஒரே வைஃபையில் இருந்தால், வெளியே நெட் அறுந்து கிடந்தாலும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஒரு எம்பி டேட்டாவும் செலவாகாது. வீட்டு ரூட்டர் வழியாக அனுப்பலாம்தான். ஆனால் கரண்ட் போனதும் ரூட்டர் செத்துவிடுகிறது. "மீ லாபீ!" (கரண்ட் வந்துடுச்சு!) என்று தெரு முழுக்கக் கத்தும் சத்தம் கேட்டபிறகு ஆரம்பித்து, அடுத்த முறை போவதற்குள் முடிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபோனும் லேப்டாப்பும் இரண்டுமே வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு துணுக்கும் ஃபோனிலிருந்து ரூட்டருக்கு ஒரு தடவை, ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தடவை என்று காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. வேகம் பாதியாகிவிடும். என் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரூட்டரில் முழுசாக ஐம்பது நிமிடம் ஆயிற்று. லேப்டாப்பை மட்டும் லேன் கேபிளால் ரூட்டரில் சொருகினாலே நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

என் வீட்டில் ஜெயித்தது ஃபோனின் ஹாட்ஸ்பாட். ஃபோனே ரூட்டராகிவிடுகிறது, லேப்டாப் அதில் நேரே சேர்ந்துகொள்கிறது, நடுவில் ஆளில்லை. ஃபோனிலும் லேப்டாப்பிலும் பேட்டரி இருக்கிறது, எனவே கரண்ட் போனாலும் கவலையில்லை. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததும் 6 ஜிபி ஐந்தாறு நிமிடத்தில் முடிந்தது, 2.4-இல் வைத்தபோது இருபத்தைந்து நிமிடம். பழைய லேப்டாப் சிலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே படாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் போடுவதற்கு முன்னால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. இல்லாவிட்டால் விண்டோஸ் ஆசைதீர அப்டேட் இறக்கி, பேக்கேஜைக் காலி செய்துவிடும். 'இன்டர்நெட் இல்லை' என்று லேப்டாப் சொல்லும். சொல்லட்டும், நமக்கு அது தேவையில்லை.

பாதை கிடைத்தாயிற்று, அதில் எதை ஓட்டுவது? இங்கே ஃபோன் கடைகளில் படமும் பாட்டும் செயலியும் கைமாறியது பெரும்பாலும் ஸாப்யா என்ற செயலி வழியாகத்தான். நெட்டே இல்லாமல் ஃபோனுக்கு ஃபோன் அனுப்புவதை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே ரகம் ஷேர்இட். 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று என்பதால், சென்னையிலிருக்கும் உறவுகளோடு இதைப் பற்றிப் பேசினால் பேச்சு பொருந்தாது. வீட்டு வீடியோவை அனுப்புவதற்கு மட்டும் ஒரு கருவி வேண்டும் என்பவர்களுக்கு, இவற்றைவிடச் சுத்தமான இரண்டு வழிகள் இப்போது இருக்கின்றன.

ஒன்று, குயிக் ஷேர். கூகுளின் நியர்பை ஷேரும் சாம்சங்கின் குயிக் ஷேரும் 2024 ஜனவரியில் ஒரே பெயரில் இணைந்தன. ஆண்ட்ராய்டு ஃபோனில் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள லேப்டாப்பில் ஒரு தடவை நிறுவினால் போதும். புளூடூத்தில் ஆளைக் கண்டுபிடித்து, வைஃபையில் சரக்கை அனுப்புகிறது. ஹாட்ஸ்பாட்டை நாமே போட வேண்டிய வேலைகூட இல்லை. வீட்டில் ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மட்டும் இருந்தால் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க இதுவே எளிது. லேப்டாப்பில் புளூடூத் இல்லையென்றால் தடுமாறும்.

இன்னொன்று, லோக்கல்செண்ட். நான் வைத்திருப்பது இதைத்தான். இலவசம், மூலநிரல் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, விளம்பரம் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். போகிற சரக்கு நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துதான் போகிறது. நிறுவத் தேவையில்லாத விண்டோஸ் பதிப்பும் உண்டு. அதைப் பென்டிரைவில் போட்டு வைத்திருப்பதால், நெட் இல்லாத வீட்டிலும் வேலை நடக்கிறது. இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று பார்க்காவிட்டால், விண்டோஸ் அந்த ஹாட்ஸ்பாட்டைப் 'பொது' வலையமைப்பாக எண்ணி ஃபயர்வாலை மூடியிருக்கும். 'தனிப்பட்ட' என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ஐபி முகவரியை (வலையமைப்பில் அந்தக் கருவிக்குரிய எண்ணை) கையால் கொடுக்கலாம்.

லோக்கல்செண்டின் ஒரு குறை: பாதியில் அறுந்தால் அந்த ஃபைல் முதலிலிருந்து போக வேண்டும். சார்ஜ் குறைவான ஃபோனோடு 2.4-இல் அனுப்புகிறவருக்கு அது வயிற்றெரிச்சல். அவர்களுக்கு எஃப்டிபி என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறை இருக்கிறது. ஃபோனிலுள்ள ஃபைல் மேனேஜர் சிலவற்றில் எஃப்டிபி சர்வரை இயக்கலாம். லேப்டாப்பில் ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி மென்பொருளைத் திறந்து, ஃபோன் காட்டும் முகவரியை அடித்தால், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். இதில் மறையாக்கம் இல்லை, ஆகவே டீக்கடை வைஃபையில் செய்ய வேண்டாம். கடவுச்சொல் போட்ட சொந்த ஹாட்ஸ்பாட்டில் செய்யுங்கள்.

ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்கள் ஏர்டிராப்பை விட்டு வேறெதையும் தேட வேண்டாம். ஐபோனும் விண்டோஸும் என்றால், வீட்டிலிருக்கும் ஏதாவதொரு ஆண்ட்ராய்டின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் சேர்த்து லோக்கல்செண்ட் போடலாம். நடுவில் ஆள் வந்துவிடுவதால் வேகம் குறையும், அவ்வளவுதான்.

எந்த வழியில் அனுப்பினாலும், திரையை அணையவிடாதீர்கள்; பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பு பின்னால் ஓடும் செயலியை நடுவழியில் நிறுத்திவிடும். போய்ச் சேர்ந்ததும் இரு பக்கமும் ஃபைலின் அளவை ஒப்பிட்டு, கடைசி நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். சில ஃபோன்கள் பதிவு 4 ஜிபியைத் தொட்டதும் தாமாகவே இரண்டாவது ஃபைலைத் தொடங்கிவிடும். என்னுடையதும் அந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. முதல் ஃபைலை மட்டும் அனுப்பிவிட்டு, அது 31-ஆவது நிமிடத்தில் பெரியம்மாவின் பேச்சு நடுவிலேயே நின்றபோதுதான் தேடினேன். கப்பலேறியவர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்வது முழுக்க இரண்டாவது ஃபைலில் இருந்தது. அன்றே அதையும் அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவை எடுத்துக்கொண்டு பாகோவுக்குப் போய், சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இரண்டையும் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். ஃபோனில் இருப்பதை இன்னும் அழிக்கவில்லை.