இரண்டு கோடு காட்டும் கிட்: எதை வாங்கலாம், எவ்வளவு நம்பலாம்

நாள் தள்ளிப்போனதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கர்ப்பப் பரிசோதனை கிட்டில் நான்கு ரகம் உண்டு. வெறும் ஸ்ட்ரிப், பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரும் கேசட், சிறுநீர் போகும்போதே நேராகப் பிடிக்கிற குச்சி, எழுத்தில் பதில் சொல்லும் டிஜிட்டல். இந்த வரிசையில் விலை ஏறிக்கொண்டே போகும், துல்லியம் ஏறாது. நான்கிலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரியான பட்டைதான். டிஜிட்டலை உடைத்துப் பார்த்தால் அதே பட்டையும், அதைப் படிக்க ஒரு குட்டி விளக்கும், ஒளி உணரியும், பேட்டரியும் இருக்கும். நாம் கண்ணால் பார்க்கிற கோட்டை அது பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பட்டை தேடுவது எச்.சி.ஜி. ஹார்மோனை. கரு கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கிய பிறகுதான் இது ரத்தத்திலும் பின்பு சிறுநீரிலும் தென்படும். கருமுட்டை வெளிவந்த 6 முதல் 12 நாளுக்குள் கரு பதியும், பெரும்பாலும் 8 முதல் 10 நாளில். அதன்பின் அளவு ஏறத்தாழ இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பெட்டியில் 25 எம்.ஐ.யூ. (ஹார்மோனை அளக்கும் அலகு) என்று அச்சிட்டிருந்தால், ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் அந்த அளவு இருந்தால் கோடு தெரியும் என்று பொருள். 10 என்று போட்ட கிட் இன்னும் குறைந்த அளவிலேயே காட்டும். கணக்குப் போட்டால் 10 இருப்பது 25 ஆக மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதா, பொறுத்திருப்பதா என்பது அவரவர் மனநிலை. எங்களைக் கேட்டால், 25 போட்ட கேசட் இரண்டு வாங்குங்கள். ஒன்று நாள் தள்ளிய அன்று, இன்னொன்று மூன்று நாள் கழித்து.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 99 சதவீதம் பொதுவாக மாதவிடாய் வர வேண்டிய நாளிலிருந்துதான் பொருந்தும். நாலைந்து நாள் முன்பே பார்த்து, 'இல்லை' என்று வந்ததும் கிட்டைத் திட்டுவதில் நியாயம் இல்லை. அந்த மாதம் கருமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால், நாள் தள்ளிய பிறகும் 'இல்லை' என்றே வரலாம்.

கேசட்டைப் பயன்படுத்துவது எளிது, கெடுப்பதும் எளிது. காலையில் முதல் சிறுநீர் நல்லது, இரவு முழுக்க தேங்கி அடர்த்தியாக இருக்கும். பார்ப்பதற்கு முன் நிறையத் தண்ணீர் குடித்தால் நீர்த்துப்போய் கோடு வராமல் போகலாம். உறையை முன்கூட்டியே கிழித்து வைக்கக் கூடாது, ஈரக்காற்று பட்டால் பட்டை கெட்டுவிடும். உள்ளே இருக்கும் சின்னப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். சமதளத்தில் வைத்து, டிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து, பெரும்பாலான கேசட்டுக்கு மூன்று சொட்டு. டிராப்பரில் காற்றுக் குமிழி வந்தால் அதைச் சொட்டாக எண்ணாதீர்கள். சொட்டு குறைந்தால், இளஞ்சிவப்பாக நகர்ந்து வரும் ஈர விளிம்பு சன்னலின் பாதியிலேயே நின்றுவிடும். கூடினால் சாயம் கலங்கிப் பின்னணி முழுக்க அழுக்காகத் தெரியும். ஸ்ட்ரிப் என்றால் அம்புக்குறிக்குக் கீழே போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி முக்கக் கூடாது. எத்தனை நொடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தாளைப் படித்தே ஆக வேண்டும்.

சி (C) என்ற இடம் கிட் வேலை செய்கிறதா என்று காட்டும், டி (T) என்ற இடத்திலும் கோடு வந்தால் 'ஆம்'. சி-யில் கோடு வரவில்லையென்றால் அந்தக் கிட் வீண். டி-யில் என்ன தெரிந்தாலும் கணக்கில் சேராது.

அதிகம் குழப்புவது மங்கலான கோடுதான். தாள் சொல்லும் நேரத்துக்குள், பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில், சி கோட்டின் அதே நிறத்தில் அதே அகலத்தில் டி-யில் தெரிந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ஹார்மோன் இருக்கிறது என்றே கொள்ளலாம். பத்து நிமிடம் கழித்து முளைக்கும் நிறமில்லாத சாம்பல் கீற்று, சிறுநீர் காய்ந்த தடம். குப்பையில் போட்டதை மாலையில் எடுத்துப் பார்த்தால் அதுதான் தெரியும். நீலச் சாயம் போட்ட கிட்டுகளில் இந்தக் கீற்று நிஜக் கோடு மாதிரியே ஏமாற்றும், அதனால் இளஞ்சிவப்புச் சாயமே எங்கள் தேர்வு. தினமும் ஒரு ஸ்ட்ரிப் போட்டு 'நேற்றைவிட கோடு அழுத்தமா?' என்று ஒப்பிடுவது வெறும் மனக்கஷ்டம். சிறுநீரின் அடர்த்தி மாறினாலே கோடும் மாறும்.

நேராகப் பிடிக்கும் குச்சியில் ஒரே வசதி, கிண்ணம் தேவையில்லை. முனை கீழ்நோக்கியே இருக்க வேண்டும்.

டிஜிட்டலில் மங்கல் கோட்டுச் சந்தேகம் இல்லை. ஆனால் ஸ்ட்ரிப்பில் மெல்லிய கோடு தெரியும் கட்டத்தில் டிஜிட்டல் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். கிளியர்புளூ என்ற பிராண்டின் வாரம் காட்டும் டிஜிட்டல் ரகம் 1-2, 2-3, 3+ என்று காட்டும். அது கரு உண்டானதிலிருந்து எண்ணும் வாரம். மருத்துவர் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால் அவர் சொல்வது இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும். இது தெரியாமல் குழந்தை வளரவில்லையோ என்று பயந்துவிடாதீர்கள்.

குறை சொல்லுமுன் ஒன்று. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த முதல் வீட்டுக் கிட்டில் சோதனைக் குழாயை அசையாமல் வைத்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த மாதிரிக் கிட்டை 1967-இல் முதலில் வடிவமைத்த மார்கரெட் கிரேன் விஞ்ஞானி அல்ல, ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வடிவமைப்பாளர்.

தப்பான 'ஆம்' அபூர்வம், ஆனால் வரும். கருத்தரிப்புச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே கோடு காட்டும், இரண்டு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். கரு கலைந்த பின்னும் சில வாரம் ஹார்மோன் மிச்சமிருக்கும். தப்பான 'இல்லை'யில் விசித்திரமான ஒரு ரகமும் உண்டு: கர்ப்பம் சில வாரம் முன்னேறி ஹார்மோன் மிக அதிகமானால் பட்டை திணறி, கோடு மங்கும் அல்லது மறையும். அப்போது சிறுநீரைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தால் கோடு திரும்பும். கருத்தடை மாத்திரையோ சாதாரண ஆன்டிபயாடிக்கோ முடிவை மாற்றாது.

'ஆம்' வந்ததும் குமட்டல் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். அது பொதுவாக மருத்துவர் கணக்கில் 6-ஆவது வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும், சிலருக்கு வரவே வராது. அதற்கு முன் வரும் மார்புக் கனமும் அசதியும் மாதவிடாய்க்கு முந்தைய தொந்தரவு மாதிரியே இருப்பதால் அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் ஏற்கெனவே எடுக்கவில்லையென்றால் அன்றே தொடங்கலாம். மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. ஸ்கேனுக்கு அதே கணக்கில் 7, 8 வாரம் நல்ல நேரம். 5-ஆவது வாரத்தில் ஓடினால் கருவைச் சுற்றியிருக்கும் பை மட்டுமே தெரிந்து, இன்னொரு தடவை வரச் சொல்வார்கள்.

கரு எங்கே பதிந்திருக்கிறது என்று எந்தக் கிட்டும் சொல்லாது. கருக்குழாயில் பதிந்தாலும் இதே இரண்டு கோடுதான். 'ஆம்' வந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள் நுனியில் வலி, மயக்கம், ரத்தப்போக்கு என எது வந்தாலும் அடுத்த கிட்டைப் பிரிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.