வெல்டு வைத்த கிராங்க்: ஆர்.எக்ஸ். 100-இல் 22,000 கிலோமீட்டர்

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டுதான் கிராங்க்; அதில் வேலை செய்தால் வண்டிக்குப் பவர் கூடுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரைக் குதிரைகூடக் கூடாது. போர்ட்டிங்கும் (சிலிண்டரின் துளைகளைக் கடைந்து மாற்றுவது) சைலன்சரும் தருகிற பவரை எஞ்சின் தாங்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தச் செலவு. நான் இதைத் தலைகீழாகச் செய்து, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என்னுடையது 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக். 98 சிசி, போரும் ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ., 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். கம்பெனி கிராங்க் அந்தக் கணக்குக்குத் தாராளமாக உழைக்கும். நான் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தி, பெரிய கார்புரேட்டர் மாட்டி, 9,000 வரை முறுக்க ஆரம்பித்தேன். ஆர்பிஎம் 20 சதவீதம் கூடினால் பிஸ்டன், தன்னைக் கிராங்கோடு இணைக்கிற ராடை இழுக்கிற விசை 44 சதவீதம் கூடும், வர்க்கக் கணக்கு. அது அப்போது மண்டையில் ஏறவில்லை.

நான்கே மாதம். முதலில் ஃபுட்ரெஸ்ட்டில் கால் கூசுகிற மாதிரி ஓர் அதிர்வு. அப்புறம் எத்தனை முறை செட் செய்தாலும் பாயிண்ட், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை வைக்கிற காண்டாக்ட், நிற்கவில்லை. கடைசியில் வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வியூ பாயிண்ட்டில் எல்லாரும் ஆழியாறு அணையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் இறங்காத கிக்கரை மிதித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு பக்கமும் இருக்கிற வட்டமான வெயிட்டுகளை நடுவில் ஓர் இரும்புப் பின் தன் இறுக்கத்தினால் மட்டுமே பிடித்திருக்கிறது. போல்ட்டும் கிடையாது, திரும்பாமல் தடுக்கிற சாவிக்கட்டையும் கிடையாது. பவரைக் கூட்டிவிட்டு கிளட்சைப் பட்டென்று விட்டால் வெயிட் அந்தப் பின்னின்மேல் இம்மியளவு திரும்பிவிடும். தண்டு ஆடும், மேக்னெட் பக்கச் சீல் காற்றை இழுக்கும், பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும்.

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கிராங்கை வி வடிவ பிளாக்கில் படுக்க வைத்து, ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை ஒட்டிக் கையால் சுற்றினார். முள் பன்னிரண்டு கோடு ஓடியது. ஒரு கோடு என்பது 0.01 மி.மீ. "ஏங்கண்ணு, இதைய வெச்சுக்கிட்டா மலை ஏறுன?" என்றார்.

பழைய பின்னை பிரஸ்ஸில் தள்ளிவிட்டுப் புது ராடு கிட் போட்டார். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. செம்புச் சுத்தியலால் வெயிட்டின் ஓரத்தில் ஓர் அடி, ஒரு சுற்று, முள்ளைப் பார்ப்பது, மறுபடி ஓர் அடி. ஒரு மணி நேரம் இப்படியே. இரண்டு கோட்டுக்கு வந்ததும் பின்னின் இரு முனைகளிலும் டிக் வெல்டு. எர்த் கிளிப்பை வெல்டு வைக்கிற அதே வெயிட்டில்தான் மாட்டினார். வேறு பக்கம் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து ஊசிகளில் குழி விழுந்துவிடுமாம். ராடைச் சுற்றி ஈரத்துணி. வெல்டு சூட்டில் ஐந்து கோடு இழுத்துவிட்டது, மறுபடி சுத்தியல், மறுபடி இரண்டு. புதுப் பேரிங், சீல் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தை ஒட்டி ஆனது.

வெயிட்டைக் கடைந்து இலேசாக்கினால் பிக்கப் வரும் என்று அங்கே ஒருவர் ஆசை காட்டினார். நல்லவேளை, மசியவில்லை. டவுனில் கூட்டத்துக்கு நடுவே இரண்டாவது கியரில் ஊர்ந்துபோக அந்த எடைதான் வேண்டும்.

மூன்று வருடமாகிறது, 22,000 கிலோமீட்டர். அதே போர்ட்டிங், அதே முறுக்கு. பாயிண்ட் செட் செய்தால் செட் செய்த இடத்தில் நிற்கிறது. வால்பாறைக்கு ஆறு முறை போய்வந்தேன். எஞ்சினுக்குத் தானாக ஆயில் ஊட்டுகிற ஆட்டோலூப் பம்பைக் கழற்றவில்லை. மலைக்குப் போகும்போது மட்டும் டேங்கிலும் கொஞ்சம் டூ டி ஆயில் ஊற்றுகிறேன். ஒரு குறை உண்டு: அடுத்த முறை ராடு மாற்ற வேண்டுமென்றால் வெல்டை அரைத்து எடுக்க வேண்டும், பின்னின் துளை பழையபடி இறுக்கமாக இருக்குமா என்பது சந்தேகம். அதனால் எஞ்சினை நோண்டாமல் ஓட்டுகிறவருக்கு வெல்டு வீண். ராடு கிட்டும் ஒழுங்கான டயல் கேஜ் வேலையும் போதும்.

போன மாதம் வெள்ளைப் புகை கிளம்பியதும் வயிற்றைக் கலக்கியது. பிரித்துப் பார்த்தால் கிளட்ச் பக்கச் சீல் கியர் ஆயிலை இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். திறந்த கையோடு ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.