ராடு முதலில், திரை அப்புறம்: பாஸ் மீன்பிடிக் கருவிகள் ஓர் அலசல்

பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்க ஆசைப்படுகிறவர் கையில் பணம் குறைவாக இருந்தால் குழப்பமே இல்லை. ஒரு ராடு (தூண்டில் கோல்), நரம்பு (தூண்டில் நூல்) சுற்றிய ஒரு ரீல், நாலு ரப்பர் புழு, வேலை முடிந்தது. கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. படகு வாங்கிய முதல் வருடம் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். ஒழுங்காக வீசப் பழகும் முன்பே தண்ணீருக்குள் ஒலி அனுப்பி மீனைக் காட்டும் சோனாரின் 12 அங்குலத் திரை ஒன்றை வாங்கிப் படகின் முனையில் மாட்டிவிட்டேன். மீன் எங்கே நிற்கிறது என்று பளிச்சென்று தெரிந்தது. அது நிற்கிற இடத்துக்கு இரையைக் கொண்டுபோகத்தான் எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே கையில் பிடிக்கிற பொருளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டிங்கா?

ரீல் இரண்டு வகை. ஸ்பின்னிங் ரீலில், நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் அசையாமல் நிற்கும். நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை விடும். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து வருவதுதான். சுழல வேண்டிய ஸ்பூலைக் கிளப்ப இரைக்குக் கொஞ்சமாவது எடை வேண்டும். கால் அவுன்ஸும் அதற்கு மேலும் என்றால் பெய்ட்காஸ்டர் சந்தோஷமாக வேலை செய்யும். சிறிய நெட் ரிக் (காளான் தலை ஈயத்தில் மாட்டிய குட்டி ரப்பர் இரை), டிராப் ஷாட் (ஈயம் அடியிலும் இரை அதற்கு மேலேயும் இருக்கும் கட்டு), ஈயமே போடாத ரப்பர் புழு என்றால் ஸ்பின்னிங்தான். லேசான இரைக்கென்றே செய்த பெய்ட்காஸ்டர்களும் உண்டு, ஆனால் முதல் ரீலாக அது வேண்டாம்.

பெய்ட்காஸ்டரைப் பார்த்துப் பலர் பயப்படுவது குருவிக்கூடு மாதிரி விழும் அந்தச் சிக்குக்காகத்தான். வீசியதும் இரை பறக்கிறது, எதிர்க்காற்றில் அதன் வேகம் குறைகிறது, ஸ்பூலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்குச் சுழன்று, வெளியே போவதைவிட அதிகமான நரம்பை அவிழ்த்துவிடுகிறது. ஒரு நொடிதான், ரீலுக்குள் மொத்தமும் சிக்கு. உடனே கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், பிறகு நரம்பை மெல்ல இழுங்கள். பாதிச் சிக்கு தானாக விட்டுக்கொடுக்கும். சிக்கு விழாமல் தடுக்க, இரையைக் கட்டித் தொங்கவிட்டு பொத்தானை அழுத்தும்போது அது மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். அந்த அளவுக்குப் பக்கத் திருகை முறுக்கிவைத்துப் பழகுவது நல்லது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், கட்டைவிரலுக்காக. இரை பறக்கும்போதே ஸ்பூலை லேசாகத் தடவி, படகுத்துறைக் கம்பத்துக்கு அரை அடி பக்கத்தில் சத்தமில்லாமல் இறக்கலாம். ஸ்பின்னிங்கில் ஸ்பூல் விளிம்பை விரலால் தொட்டு ஓரளவு இதைச் செய்ய முடியும், ஆனால் அந்த நுணுக்கம் வராது. போதாக்குறைக்கு, தடித்த புளோரோகார்பன் நரம்பை ஸ்பின்னிங் ரீலில் சுற்றினால் அது ஸ்பிரிங் மாதிரி எகிறிக்கொண்டு வரும். 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்புக்கு மேல் நான் முயல்வதில்லை.

என் கணக்கு இது: நீங்கள் போகிற தண்ணீரில் களையும் மரக்கட்டையும் அதிகம் என்றால் முதலில் 7 அடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன் பெய்ட்காஸ்டிங் ராடு (விறைப்பு கூடுதல், நுனிப்பக்கமே வளையும்). தெளிந்த, ஆழமான, பாறைத் தண்ணீர் என்றால் 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராடு. இரண்டும் வாங்க முடிந்தால் பாஸ் மீன்பிடியில் பெரும்பகுதியை இந்த இரண்டே சமாளித்துவிடும். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால், கிராங்க்பெய்ட்டுக்கு (இழுத்தால் முங்கிப் போகும் மீன் வடிவக் கெட்டி இரை) கண்ணாடியிழையில் செய்த, வளைந்துகொடுக்கிற கிளாஸ் ராடு. மும்முள் கொக்கியைப் பாஸ் பாதி கடிக்கும்போது விறைப்பான ராடு அதை வாயிலிருந்து பிடுங்கிவிடும். கிளாஸ் ராடு ஒரு கணம் தாமதித்து வளையும், அதற்குள் மீன் நன்றாகக் கவ்விக்கொள்ளும்.

கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றும் என்பது) பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரே ரீல் என்றால் 7:1 பக்கம் ஏதாவது ஒன்று. ஆழத்தில் இழுக்கிற பெரிய கிராங்க்பெய்ட்டுக்கு மட்டும் 5:1 கையை நோகவிடாது.

நரம்பு விஷயம்

ராடுக்குச் செலவழித்துவிட்டு நரம்பில் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள் உண்டு. மீனுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.

மூன்று வகை. நைலான் மோனோ நன்றாக நீளும், தண்ணீரில் மிக மெதுவாகத்தான் மூழ்கும், அதனால் மேல்தண்ணீர் இரைகளுக்கு ஏற்றது. புளோரோகார்பன் மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீருக்குள் அது குறைவாகக் கண்ணில் படும் என்று சொல்வது இதை வைத்துத்தான். பாறையில் உரசினாலும் தாங்கும். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு மிதக்கும், நீளவே நீளாது, மெல்லியது. 30 பவுண்டு பிரெய்டின் தடிமன் ஏறக்குறைய 8 பவுண்டு மோனோ அளவுதான்.

எதை எடுப்பது? ஸ்பின்னிங்கில் எனக்குச் சந்தேகமே இல்லை: 10 பவுண்டு பிரெய்டு, அதன் நுனியில் ஏழெட்டு அடிக்கு 8 பவுண்டு புளோரோ லீடர். பிரெய்டு முறுக்கேறினாலும் சுருள் விழாது, தொலைவில் மீன் மூச்சுவிட்டால்கூடக் கையில் தெரியும். பெய்ட்காஸ்டரில் 15 பவுண்டு புளோரோ. அடர்ந்த களைக்குள் தவளை இரையை இழுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 50 பவுண்டு பிரெய்டு, நேராக, லீடர் இல்லாமல். இன்னொன்று: புளோரோவில் முடிச்சு இறுக்கும்முன் நனைக்காவிட்டால் உரசல் சூட்டில் அங்கேயே பலவீனமாகிவிடும். எச்சில் போதும்.

இப்போது திரைக்கு வருவோம்

பழைய பாணி 2டி சோனார், டவுன் இமேஜிங், சைடு இமேஜிங், முன்னோக்கு நேரலை சோனார். விளம்பரங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் முந்தையதைக் குப்பையில் போட வந்தது போல இருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

2டி சோனார் படகுக்கு அடியில் கூம்பு வடிவில் ஒலியை அனுப்புகிறது. கூம்பின் கோணம் 20 டிகிரி என்றால் அடியில் விழுகிற வட்டத்தின் விட்டம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 20 அடி ஆழத்தில் 7 அடி வட்டம். 6 அடித் தண்ணீரில்? வெறும் 2 அடி. கரையோரத்தில் மீன்பிடிக்கிறவருக்கு இதனால் ஆழமும் தண்ணீரின் வெப்பமும் தெரியும், அவ்வளவுதான். திரையில் வருகிற வில் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: மீன் கூம்பைக் கடந்து போனால்தான் அல்லது படகு மீனைக் கடந்து போனால்தான் வில் விழும். இரண்டும் அசையாமல் நின்றால் நீளக் கோடு வரும். நான் பல நாள் அந்தக் கோட்டை ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டவுன் இமேஜிங் அதே அடிப்பக்கத்தைப் படம் மாதிரி காட்டும். மூழ்கிய மரம் கிளை கிளையாகத் தெரியும், மீன் வெறும் புள்ளியாக இருக்கும்.

சைடு இமேஜிங் வந்ததுதான் என் பார்வையில் பெரிய திருப்பம். ஹம்மின்பேர்ட் நிறுவனம் 2005ல் அதைப் பொழுதுபோக்கு மீன்பிடிக்காரர்களிடம் கொண்டுவந்தது. படகின் இரு பக்கமும் 80, 100 அடி வரை அடித்தரையை வருடிக் காட்டும். மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் நேர்க்கோட்டில் ஒரு மணிநேரம் போனால் ஒரு விரிகுடா முழுவதையும் படித்துவிடலாம். வளைந்தால் படம் இழுபட்டுக் கோணலாகும், அதனால் நேராகப் போக வேண்டும். இதில் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியது நிழலைத்தான். ஒரு கட்டைக்குப் பின்னால் கறுப்பாக நீளும் நிழல், அந்தக் கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்று சொல்லிவிடும். மீனின் வெள்ளைப் புள்ளிக்கும் அதன் நிழலுக்கும் இடைவெளி இருந்தால் மீன் தரையில் இல்லை, மிதந்து நிற்கிறது.

முன்னோக்கு நேரலை சோனார் வேறு ரகம். 2018ல் கார்மின் நிறுவனம் தன் லைவ்ஸ்கோப்பை வெளியிட்டது. 2020ல் லோரன்ஸின் ஆக்டிவ் டார்கெட், அடுத்த வருடம் ஹம்மின்பேர்டின் மெகா லைவ். உங்கள் முன்னால் மீன் நீந்துவதை அந்தக் கணத்திலேயே திரையில் பார்க்கலாம். முதல் முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. டிராப் ஷாட் இரை ஒரு சின்னக் கீற்றாக இறங்குகிறது. 18 அடியில் நின்ற ஸ்மால்மவுத் பாஸ் ஒன்று திரும்புகிறது, எழும்பி வருகிறது, இரைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. நான் ராடின் நுனியை ஆட்டுகிறேன். அது ஒட்டிக்கொண்டே பின்னால் வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் அது மெதுவாகத் திரும்பிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. அன்று காலை இப்படிப் பதினோரு மீன்களைப் பார்த்தேன், பிடித்தது ஒன்று.

அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். லைவ்ஸ்கோப்பின் ஒலிக்கற்றை மேலிருந்து கீழாக 135 டிகிரி, ஆனால் அகலத்தில் 20 டிகிரிதான். 50 அடி தூரத்தில் சுமார் 17 அடிப் பட்டை. மீன் கொஞ்சம் ஒதுங்கினாலும் திரையிலிருந்து காணாமல் போய்விடும், நீங்கள் துழாவித் திரிய வேண்டும். களை அடர்ந்த 4 அடித் தண்ணீரில் திரை முழுவதும் இரைச்சல்தான். கலங்கல் தண்ணீர் ஒலிக்குத் தடையில்லை, ஆனால் அங்கே பாஸ் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், மரத்தையும் மீனையும் பிரித்தறிய முடியாது. திறந்த, ஆழமான தண்ணீரில் மிதந்து நிற்கும் மீனுக்கு அது ராஜா. அதில் மறுப்பே இல்லை. அதன் பலம் போட்டிகளையே அசைத்துவிட்டது. 2025ல் அமெரிக்காவின் பாஸ்மாஸ்டர் எலைட் போட்டித் தொடர், ஒரு படகுக்கு ஒரே ஒரு முன்னோக்கு டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் கருவி), எல்லாத் திரைகளும் சேர்ந்து 55 அங்குலம் என்று வரம்பு போட்டது. அதே வருடம் மேஜர் லீக் ஃபிஷிங்கின் பாஸ் புரோ டூர் போட்டிகளில் ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே அனுமதித்தார்கள். போட்டிக்குப் போகாதவருக்கு இந்த விதிகள் பொருந்தாது.

ஒரு சின்னச் செய்தியை இங்கே சொருகிவிடுகிறேன். லார்ஜ்மவுத் பாஸின் உலக சாதனை 1932ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது, 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சற்றே தாண்டினார், ஆனால் இரண்டு அவுன்ஸாவது கூடினால்தான் பழைய சாதனை முறியும் என்பது விதி. ஆகவே இருவரும் சமம். பெர்ரி காலத்தில் மீன்காட்டும் சோனார் என்ற பொருளே கடையில் கிடையாது.

சைடு இமேஜிங்கா, நேரலையா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் சைடு இமேஜிங்கையும் நல்ல ஆழ வரைபடத்தையும் எடுப்பேன். இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் நேரலை பயன்படும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீரை நேரலையில் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் என்றாவது ஒரு நாள் நேரலை வாங்குவீர்கள் என்றால், எந்த நிறுவனத்துடையது என்பதை முதல் திரை வாங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒருவரின் நேரலை டிரான்ஸ்டியூசர் மற்றவரின் திரையில் வேலை செய்யாது. ஹம்மின்பேர்டும், படகை மெதுவாக நகர்த்தும் மின்கோட்டா டிரோலிங் மோட்டாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆழக்கோட்டைப் பிடித்துக்கொண்டு மோட்டார் தானே போகும் வசதி அந்த ஜோடியில் சுகமாக இருக்கும். நேவியானிக்ஸ் வரைபடம் 2017லிருந்து கார்மின் வசம். லோரன்ஸ் இப்போது மெர்குரி எஞ்சின் செய்கிற பிரன்ஸ்விக்கின் குடும்பத்தில் இருக்கிறது, மெர்குரி வைத்திருப்பவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். படத்தின் தெளிவில் யார் முந்துகிறார் என்பது ஒவ்வொரு புது மாடலுக்கும் மாறும், அதற்காக அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நேரலைக்கு முன் வாங்க வேண்டியது ஜிபிஎஸ் நங்கூரம் உள்ள டிரோலிங் மோட்டார். இதில் நான் பிடிவாதக்காரன். காற்று படகைத் தள்ளும்போது அதே இடத்தில் பிடித்துவைக்கிற மோட்டார், எந்தத் திரையைவிடவும் அதிக மீன் எனக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டும் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை வரும்: நேரலை டிரான்ஸ்டியூசரை மோட்டார் தண்டிலேயே கட்டினால், படகை நிலைநிறுத்த மோட்டார் தலை திரும்பும்போதெல்லாம் படமும் சுழன்றுவிடும். தனிக் கம்பத்தில் கையால் திருப்பும்படி மாட்டுவதே நிம்மதி.

பேட்டரியில் ஈய அமிலமா, லித்தியமா? 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ, அதில் பாதியைத்தான் பயமில்லாமல் செலவழிக்கலாம். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதில் பாதி எடைகூட வராது, கிட்டத்தட்ட முழுவதையும் தரும், கடைசிவரை வோல்ட்டேஜும் இறங்காது. 36 வோல்ட் மோட்டாருக்கு மூன்று பேட்டரி வேண்டும் என்னும்போது வித்தியாசம் படகின் வேகத்திலேயே தெரியும். விலைதான் இடிக்கும். உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவும் கூடாது. பணம் ஒரு லித்தியத்துக்குத்தான் இருக்கிறது என்றால் அதைத் திரைகளுக்குக் கொடுங்கள், மோட்டார் பழைய பேட்டரியில் ஓடட்டும்.

திரையையும் மோட்டாரையும் ஒரே பேட்டரியில் மட்டும் கட்டிவிடாதீர்கள். ஒரு முழுக் கோடைக்காலம், மோட்டாரை மிதிக்கும்போதெல்லாம் என் திரையில் மழைக்கோடு மாதிரி இரைச்சல் விழுந்தது. டிரான்ஸ்டியூசர் பழுது என்று கழற்றி விற்பனையாளருக்கு அனுப்பினேன். நல்லாத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது. திரைக்கென்று தனி பேட்டரியும் தடித்த ஒயரும் போட்ட அன்றே கோடுகள் போய்விட்டன.