ஜெர்ரி ரைஸா, ராண்டி மாஸா?

அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவரின் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவரின்) ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் யாரிடமிருந்து தொடங்குவது என்று குழம்பினால், பேச்சு கடைசியில் இந்த இருவரிடம்தான் வந்து நிற்கும்.

நீடித்த உழைப்பு
ரைஸ்: 1985 முதல் 2004 வரை 20 சீசன், 1,549 கேட்ச், 22,895 யார்டு (பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்).
மாஸ்: 14 சீசன், 982 கேட்ச், 15,292 யார்டு.

உச்சம்
மாஸ்: 2007-இல் பேட்ரியட்ஸ் அணிக்காக 16 ஆட்டங்களில் பந்தைப் பிடித்து 23 டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்). ஒரு சீசனில் அதுவே சாதனை.
ரைஸ்: 1987-இல் வெறும் 12 ஆட்டங்களில் 22. எனக்கு இதுதான் பெரிது.

சூப்பர் பவுல்
சாம்பியனைத் தீர்மானிக்கும் இந்த இறுதி ஆட்டத்தில் ரைஸுக்கு மூன்று வெற்றி. மாஸுக்கு ஒன்றுமில்லை, பாவம். இரண்டு முறை இறுதிவரை வந்து தோற்றார்.

பந்து பிடிக்கும் விதம்
ரைஸ்: சில அடி ஓடி, காலை ஊன்றி உள்பக்கம் சாய்வாகத் திரும்புவார். பந்தைப் பிடிக்கும்போதும் வேகம் குறையாது. பிடித்த பிறகுதான் அவருடைய ஆட்டமே ஆரம்பம்.
மாஸ்: நேராகப் பறப்பார். கடைசி நொடி வரை கையைத் தூக்க மாட்டார். கூடவே ஓடும் தடுப்பாட்டக்காரருக்குப் பந்து வந்துவிட்டது தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆடக் கற்பவர்களுக்கு ரைஸ்தான். மாஸின் ஆறடி நான்கு அங்குல உயரத்தையும் அந்த வேகத்தையும் பயிற்சியில் வாங்க முடியாது. சரி, பார்த்து வியக்க மட்டும் ஆசையா? தயங்காமல் மாஸ்.